மெசினு பழசு, அட்டை புதுசு: வீட்டுக் கணிப்பொறியும் எழுதும் உரிமையும்

1

செத்துப்போனதாக அறிவிக்கப்பட்ட கணிப்பொறிகளுக்கு இன்னமும் சிலர் நிரல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1981ல் வந்த பி.பி.சி. மைக்ரோ, 1982ல் வந்த கமடோர் 64, அதே வருடத்து இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று விற்கப்பட்ட இந்த எட்டு பிட் இயந்திரங்களின் உற்பத்தி நின்று முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் இவற்றுக்கென்று புதிய ஆட்டங்களும் இசையும் எழுத்துக் கருவிகளும் வெளிவருகின்றன. போட்டிகள் வைக்கிறார்கள். புதிதாக எழுத வருகிறவர்களுக்குக் கையேடு போட்டுக் கொடுத்து, கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். இத்தகைய இயந்திரங்களில் முளைத்து வளர்ந்த ‘டெமோசீன்’ என்ற கலை மரபைப் பின்லாந்து 2020லும் ஜெர்மனி 2021லும் தத்தம் நாட்டின் வாழும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டன.

இதை நம் நண்பர்களிடம் சொன்னால் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. “வேலையத்தவனுங்க” என்பது முதல் பதில். முதலாளியம் தூக்கியெறிந்ததை எடுத்து வைத்துக்கொள்வதே எதிர்ப்பு அல்லவா என்று சிலாகிப்பது இரண்டாவது. இரண்டு பேருமே அந்த இயந்திரத்தைத் திறந்து பார்த்ததில்லை என்பதுதான் இருவருக்குமுள்ள ஒற்றுமை. முதலாமவர் நிறுவனங்களின் விளம்பர வாசகத்தைத் தன் கருத்தாகச் சொல்கிறார். இரண்டாமவர் ஐரோப்பியச் சேகரிப்பாளனின் பொழுதுபோக்கைக் கலகம் என்று மொழிபெயர்க்கிறார்.

இந்தக் கட்டுரை கேட்க விரும்பும் கேள்வி வேறு. ஓர் இயந்திரம் ‘பழசு’ ஆகிவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அந்த அறிவிப்பை மறுத்து அதற்குப் புதிதாக எழுதும்போது, எழுதுகிறவருக்கு என்ன நேர்கிறது? அயோத்தியாப்பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் கேட்க வேண்டும் என்றால், இந்தப் பக்கத்தில் இதற்குக் கணிப்பொறிக்கு முந்தைய பதில் ஒன்று இருக்கிறது.

2

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சேலத்துக்குள் வருகிற வழியில் அம்மாப்பேட்டை. ஜக்கார்டு ஏற்றிய தறியை அங்கே பார்க்கலாம். சேலத்துக்கு அந்தப் பக்கம் இளம்பிள்ளையிலும் பார்க்கலாம். தறிக்கு மேலே ஒரு பெட்டி. அதிலிருந்து தொங்கும் கொக்கிகளில் பாவு இழைகள் கட்டப்பட்டிருக்கும். மாலையாகக் கோத்த அட்டைகள் ஒவ்வொன்றாகச் சுழன்று வந்து ஊசிகளின் முன்னால் நிற்கும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி நுழையும், கொக்கி மேலே போகும், அந்த இழை தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் ஊசி தள்ளப்பட்டுக் கொக்கி விலகிவிடும், இழை கீழேயே கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஒரு முந்தானைக்கு எத்தனை அட்டை என்று நெசவாளியைக் கேட்டால் உடனே சொல்வார்.

ஜக்கார்டு அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜுக்குத் தன் கணிக்கும் எந்திரத்துக்கு அட்டை வைக்கும் யோசனை வந்தது என்ற கதை கணிப்பொறிப் பாடப்புத்தகம் படித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்த வம்சாவளி முக்கியமில்லை. தறிக்காரருக்கும் அவருடைய இயந்திரத்துக்கும் இருக்கும் உறவுதான் முக்கியம்.

தெரிந்த ஒருவரிடம் கேட்டேன்.

“இது எந்தக் காலத்து மெசினுங்கண்ணா?”

“எங்கப்பா காலத்துதுங்க தம்பி. மெசினு பழசு, அட்டை புதுசு.”

அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை. தீபாவளிக்குள் டிசைன் மாற்றியாக வேண்டும் என்ற கவலையில் இருந்தார். ஆனால் அந்த இரண்டு வார்த்தைகளில் ஒரு கோட்பாடு இருக்கிறது. இயந்திரத்தின் வயதை அதன் இரும்பு தீர்மானிப்பதில்லை. அதற்கு யாராவது இன்னும் அட்டை குத்துகிறார்களா என்பது தீர்மானிக்கிறது. அட்டை குத்துவது நின்ற நாளில்தான் தறி பழசாகிறது, காயலான் கடைக்குப் போகிறது.

இதை அப்படியே பொன்னாடை போர்த்திவிட்டுப் போக முடியாது. அட்டை யாருடையது? டிசைன் போடுகிறவர் ஒருவர். காசு கொடுத்து அதை வாங்குகிறவர் பாவும் பட்டும் கொடுக்கிற முதலாளி. கூலிக்கு நெய்கிறவர் மேலே சுழல்கிற அட்டையில் ஒரு ஓட்டையைக்கூடத் தன் இஷ்டத்துக்குப் போட முடியாது. இயந்திரம் வீட்டில், அதன் எழுத்து வேறொருவர் கையில். இந்த ஏற்பாடு நமக்குப் பழக்கமானது. இன்றைக்கு நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியின் ஏற்பாடும் இதுதான்.

3

எண்பதுகளின் வீட்டுக் கணிப்பொறி இந்த ஏற்பாட்டில் ஒரு சிறு பிளவை உண்டாக்கியது. பி.பி.சி. மைக்ரோவைப் போட்டவுடன் ‘பீப்’ என்று ஒரு சத்தம். திரையில் இயந்திரத்தின் பெயர், 32கே என்ற நினைவக அளவு, ‘பேசிக்’ என்ற மொழியின் பெயர், அதற்குக் கீழே ஒரு சின்ன அம்புக்குறி. அவ்வளவுதான். தொட்டுத் திறக்கப் படங்கள் இல்லை, வாங்கச் சொல்லி விளம்பரம் இல்லை. நீ எதையாவது எழுது, எழுதினால்தான் நான் எதையாவது செய்வேன் என்று அது காத்துக்கொண்டிருக்கும். வாசகனையும் எழுத்தாளனையும் இரண்டு தனிப் பிறவிகளாகப் பிரிக்காத இயந்திரம் அது எனலாம்.

அதன் மூளையான 6502 சில்லுக்குத் தெரிந்த கட்டளைகள் மொத்தம் 56. ஒரு மனிதர் ஒரு கோடை விடுமுறையில் முழுதாகக் கற்றுக்கொண்டுவிட முடியும். முழுதாக என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். இன்று நம் கையில் இருக்கும் எந்தக் கருவியையும் முழுதாகத் தெரிந்த ஒற்றை மனிதர் உலகத்தில் இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பி.பி.சி. மைக்ரோவைச் செய்த ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த ஆர்ம் சில்லு, 1985 ஏப்ரலில் அதே பி.பி.சி. மைக்ரோவோடு இணைக்கப்பட்டுத்தான் முதன்முதலாக ஓடியது. அந்த ஆர்ம் வம்சம்தான் இன்று கைபேசிகளுக்குள் இருக்கிறது. ‘எழுது’ என்று சொன்ன இயந்திரத்தின் பேரப்பிள்ளைகள் ‘அனுமதி வாங்கிவிட்டு எழுது’ என்கிறார்கள்.

இந்த இயந்திரம் நம் நாட்டுக்கு வராமல் இல்லை. 1984-85ல் மைய அரசு ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிகளில் கணிப்பொறி கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது பி.பி.சி. மைக்ரோவைத்தான். சுமார் 12,000 இயந்திரங்கள் மாநில அரசுகளின் வழியாகப் பள்ளிகளுக்குப் போயின.

போய் என்ன ஆயின? எண்பதுகளின் கடைசியில் நான் படித்த பள்ளியில் அதற்கென்று ஓர் அறை இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். இயந்திரத்துக்குத் துணியில் தைத்த உறை. சாவி ஒருவரிடம்தான் இருக்கும். இங்கிலீஷ் மீடியத்துப் பிள்ளைகள் வரிசையாகப் போய் மூன்று பேருக்கு ஒன்று என்று உட்கார்ந்துவிட்டு வருவார்கள். தமிழ் மீடியத்துக்காரர்களான நாங்கள் சன்னல் வழியாகப் பார்த்தோம். கோயில் கருவறையைத் தூரத்தில் நின்று பார்க்கச் சொல்லிப் பழக்கப்பட்ட சமூகத்துக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை என்பதுதான் இன்று நினைத்தால் உறைக்கிறது. எழுதச் சொல்லிக் காத்திருந்த ஓர் இயந்திரத்தை நாம் சாமியாக்கிப் பூட்டி வைத்தோம். உள்ளே போனவர்களும் எழுதவில்லை. வந்திருந்த நிரல்களை ஓட்டிப் பார்த்தார்கள். அவற்றில் ஒரு தமிழ் எழுத்துகூட இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஆகவே இங்கிலாந்துக்காரர் ஒருவர் நாற்பது வருடம் கழித்துப் பி.பி.சி. மைக்ரோவுக்கு ஆட்டம் எழுதும்போது அவர் தன் பால்யத்துக்குத் திரும்புகிறார். நமக்குத் திரும்பிப் போக அப்படியொரு பால்யம் கிடையாது. அவருடைய ஏக்கத்தைக் கடன் வாங்கிக்கொண்டு நாமும் கண்கலங்கினால் அது கேலிக்கூத்து. நமக்கு அந்த இயந்திரம் நினைவுப்பொருள் இல்லை. பாக்கி வைக்கப்பட்ட கணக்கு.

4

நம் தெருக்களுக்கு வந்த எட்டு பிட் இயந்திரம் வேறு ரூபத்தில் வந்தது. தொண்ணூறுகளில் தேர்க்கடையிலும் கடைவீதியிலும் விற்ற ‘டி.வி. கேம்’. 1983ல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் இயந்திரத்தின் நகல்கள் அவை. உள்ளே இருந்தது அதே 6502 வம்சத்துச் சில்லு. கேசட் என்று நாம் சொன்ன பெட்டியைச் சொருகினால் ஆட்டம் ஓடும். சிலவற்றில் தட்டச்சுப் பலகை இருந்தது, எலி இருந்தது, பேசிக் மொழியும் இருந்தது. ‘கம்ப்யூட்டர்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். பிள்ளைக்குக் கணிப்பொறி வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று நம்பிய அப்பாக்கள் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாம். உண்மையில் அவர்கள் ஏமாறவில்லை. அது கணிப்பொறிதான். அதில் எழுதலாம் என்று சொல்ல ஆளில்லை, தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம்கூட இல்லை, அவ்வளவுதான்.

இதை வெளியிலிருந்து வந்தவர்கள் கவனித்தார்கள். இந்தியச் சந்தையில் சுமார் 12 டாலருக்கு இந்த நகல் கணிப்பொறி கிடைப்பதைப் பார்த்து, டெரெக் லோமஸும் நண்பர்களும் 2008 வாக்கில் ‘பிளேபவர்’ என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். இருபது வருடக் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன, இயந்திரம் ஏற்கனவே ஏழைகளின் வீட்டில் இருக்கிறது, தொலைக்காட்சியும் இருக்கிறது, இதற்குப் புதிய கல்வி ஆட்டங்களை எழுத வாருங்கள் என்று உலகத்து நிரலாளர்களை அழைத்தார்கள். பழைய வீட்டுக் கணிப்பொறிக்குப் புதிய நிரல் என்ற பேச்சு நம் ஊர்த் தெருவைத் தொட்ட இடம் இதுதான். முயற்சி நேர்மையானது. ஆனால் அதன் வாக்கிய அமைப்பைப் பாருங்கள்: எழுதுகிறவர்கள் ஓரிடம், விளையாடிக் கற்கிறவர்கள் வேறிடம். நம் பிள்ளை மறுபடியும் சன்னலுக்கு வெளியேதான் நிற்கிறாள். சன்னல் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. பிறகு தொடுதிரைக் கருவிகள் மலிந்தன. அந்த முயற்சியும் அவற்றின் பக்கம் நகர்ந்துவிட்டது.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் வரும், வர வேண்டும். “பழசை எப்பவும் எங்களுக்குத்தானே தர்றீங்க?” பழைய சோறு, பழைய துணி, பழைய பாடப்புத்தகம். சேரிக்குப் பழசைக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்ட ஊர் இது. பணக்காரப் பிள்ளை செயற்கை நுண்ணறிவோடு பேசிக்கொண்டிருக்கும்போது, எங்கள் பிள்ளை எட்டு பிட்டில் புள்ளி வைத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு முன் மழுப்பக் கூடாது. புதிய இயந்திரத்துக்குப் பதிலாகப் பழையதை வைத்துத் திருப்தியடையுங்கள் என்று யார் சொன்னாலும் அது சாதியத்தின் குரல். புதிய இயந்திரம் கேட்டுப் போராடுவோம், அது உரிமை. ஆனால் புதியதைக் கொடுப்பவர்கள் எதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அட்டையைக் கொடுப்பதில்லை. தறியைப் புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்; அட்டை முதலாளியிடமே இருக்கும். அட்டை குத்தக் கற்றுக்கொள்ள, முழுதாகத் தெரிந்துகொள்ளக்கூடிய, கெடுத்தாலும் யாரும் அடிக்காத, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத ஓர் இயந்திரம் வேண்டும். பழைய இயந்திரத்தின் அரசியல் மதிப்பு இவ்வளவுதான். இது சின்ன மதிப்பில்லை.

5

அப்படியானால் அதில் தமிழ் எழுத முடியுமா? இதுதான் முதல் சோதனை. வாய்ப்பந்தல் போடாமல் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பி.பி.சி. மைக்ரோவில் எழுத்து என்பது எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் வைக்கிற புள்ளிகள். அதன் ஏழாவது திரை முறையில் எழுத்துகள் தனிச் சில்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ரோமன் எழுத்துதான், மாற்ற முடியாது. மற்ற முறைகளில் ‘வி.டி.யு. 23’ என்ற கட்டளையைச் சொல்லி, எழுத்தின் எண்ணைச் சொல்லி, வரிசைக்கு ஒன்றாக எட்டு எண்களைக் கொடுத்தால் நாம் வரைந்ததே எழுத்தாகிவிடும்.

64, 64, 64, 64, 64, 64, 126, 0.

இது ‘ட’. மேலிருந்து கீழே ஒரு கோடு, அடியில் ஒரு படுக்கைக் கோடு. இதிலுள்ள ஆறு 64களையும் 66 ஆக்குங்கள். வலப்பக்கமும் கோடு எழும்பி ‘ப’ வந்துவிடும். அறிவொளி இயக்கத்தில் ராத்திரி வகுப்பு எடுத்த தோழர்களுக்கு ‘பட்டா, படி’ என்ற பாடம் நினைவிருக்கும். அந்த இரண்டு வார்த்தைகளுக்கு வேண்டிய வடிவங்கள் ஐந்து: ப, ட, ட், டி, துணைக்கால். ஐந்தெட்டு நாற்பது எண்கள். நாற்பது எண்களில் ஓர் இயந்திரம் தமிழ் எழுத்தறிவு பெறத் தொடங்கிவிடும்.

முழு எழுத்துக்கும் எத்தனை வேண்டும்? 247 என்று வாய்ப்பாடு சொல்லும். அச்சுக்கோத்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும். ‘அ’ முதல் ‘ஓ’ வரை 11. ‘ஔ’ வேண்டுமானால் ஒ-வும் ள-வும் பக்கத்தில் வைத்தால் போதும். ஆய்தம் ஒன்று. பதினெட்டு மெய்க்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறு வடிவங்கள், ஆக 108. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி என்று நான்கு. கூட்டினால் 124.

பி.பி.சி. மைக்ரோவில் ரோமன் எழுத்தைத் தொடாமல் நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய எண்கள் 128 முதல் 255 வரை, மொத்தம் 128. சாதாரணமாக அது 32 வடிவங்களுக்குத்தான் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒரு கட்டளை கொடுத்தால் மிச்சத்துக்கும் இடம் விடும். அதற்கு நாம் இழப்பது 768 பைட் நினைவகம். முப்பத்திரண்டு கே-யில் அது ஒரு பொருட்டே இல்லை. டி.வி. கேமின் பின்னணித் திரைக்கு ஒரு சமயத்தில் கிடைப்பது 256 ஓடுகள். 124 போக, மீதி பாதிக்கு மேல் படம் வரைய இருக்கிறது. ஆக, இந்த இயந்திரங்களில் தமிழ் நுழையாது என்று யாராவது சொல்லியிருந்தால் அது தொழில்நுட்பம் சொன்ன காரணமில்லை.

இந்தக் கணக்கில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. 1935ல் பெரியார் ‘குடிஅரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது அச்சுக்கோக்கிறவன் கஷ்டத்தைத்தான் பேசினார். எழுத்தின் புனிதம் போச்சு என்றவர்களிடம், எழுத்து என்பது உபயோகத்துக்கான கருவி என்றார். தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட 1978 ஆகிவிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகிய ஏழுக்கும் பழைய வழக்கப்படி தனித்தனி வடிவம் வைத்திருந்தால் நம் கணக்கு 131 ஆகி எல்லையைத் தாண்டியிருக்கும். ஈயத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட கணக்கு எட்டு பிட்டுக்குள்ளும் செல்லுபடியாகிறது. 128ல் மிச்சமாகும் நான்கு இடத்தை ஜ, ஷ, ஸ, ஹ-வுக்குக் கொடுப்பதா, வேறு குறிகளுக்குக் கொடுப்பதா என்று நாம் வழக்கம்போல் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

கஷ்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ட, ப, ம, ய சுலபமாக உட்காரும். ண-வும் ஞ-வும் எட்டுப் புள்ளி அகலத்தில் மூச்சுத் திணறும். ‘ஞூ’வைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. இரண்டு கட்டம் கொடுத்தால் அழகாக வரும், ஆனால் இடம் பற்றாமல் போகும். எந்த வளைவை விட்டாலும் எழுத்து வாசிக்கப்படும், எதை விட்டால் வேறெழுத்தாகிவிடும் என்பதைப் புள்ளி புள்ளியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. தமிழெழுத்தின் கட்டமைப்பைப் பற்றி நாம் படித்த கோட்பாட்டு நூல்கள் கற்றுத்தராத பாடம் அது. எல்லை குறுகும்போதுதான் எது சாரம், எது சோடனை என்று தெரிகிறது.

6

இந்த இயந்திரம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். பி.பி.சி. மைக்ரோவைத் தேடி வெளிநாட்டு ஏலத்துக்குப் போக வேண்டாம். அது சேகரிப்பாளர்களின் சந்தை. நமக்கு அங்கே வேலையில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த எட்டொன்பது வருடங்களில் சுமார் ஐம்பது லட்சம் மடிக்கணினிகள் மாணவர்களிடம் சேர்ந்தன. அயோத்தியாப்பட்டணம், காரிப்பட்டி, வாழப்பாடி என்று இந்தப் பக்கத்துப் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணிப்பொறி அதுதான். நம் நாட்டின் உண்மையான ‘வீட்டுக் கணிப்பொறி’ என்று எதையாவது சொல்வதென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். இன்று அவற்றில் பல பீரோ மேலே கிடக்கின்றன. பேட்டரி போய்விட்டது, நேராகக் கரண்டில் சொருகினால் ஓடும். ஆரம்ப வருடங்களில் கொடுத்தவற்றில் விண்டோஸ் 7 இருந்தது, கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது. 2020 ஜனவரி 14ஆம் தேதி அந்த விண்டோஸுக்கான ஆதரவை அதன் நிறுவனம் நிறுத்தியது. பிள்ளை அதைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தாலும், ஓர் அறிவிப்பில் இயந்திரம் ‘பழசு’ ஆகிவிட்டது. முதல் பகுதியில் கேட்ட கேள்விக்கு இதைவிடத் துல்லியமான பதில் கிடையாது. இயந்திரம் நம் வீட்டில், அதன் சாவுத் தேதி வேறொருவர் காலண்டரில்.

அந்த மடிக்கணினியில் லினக்ஸை ஏற்றி, பி.பி.சி. மைக்ரோவைப் போலவே நடிக்கிற போலி இயந்திர நிரலை ஓட்டலாம். இலவசமாகக் கிடைக்கிறது. அன்றைக்குச் சன்னல் வழியாகப் பார்த்த அம்புக்குறி, அரசு கொடுத்த பழைய மடிக்கணினியின் திரையில் வந்து நிற்கும். செருப்பைக் கழற்ற வேண்டாம்.

நம் எழுத்தாள நண்பர்களுக்கு இதில் சொந்தக் காரியமும் ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளைக் கணிப்பொறியில் கோத்தபோது, ஒவ்வொரு எழுத்துரு வியாபாரியும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தார். ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் இன்னொருவர் ‘ழி’ வைத்தார். 1999ல் சென்னை மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்று தரம் வந்தது. 2010ல் அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் கோத்த நம் இதழ்கள் ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. திறந்தால் ரோமன் எழுத்துக் குப்பை. எந்தெந்த எழுத்துருவுக்கு மாற்றி நிரல் இருக்கிறதோ அவை தப்பித்தன. இல்லாதவற்றுக்கு யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த எழுத்துருவை விற்றவர் எழுதப்போவதில்லை; சந்தைக்கும் அதனால் லாபம் கிடையாது. பழைய இயந்திரத்துக்குப் புதிய நிரல் எழுதுவது வேலையத்த வேலை என்கிறவர், தன் முதல் கவிதைத் தொகுப்பின் கோப்பைத் திறந்து காட்டட்டும். விளிம்புநிலை வரலாறு, ஆவணம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய நாம், நம் ஆவணத்தைத் திறக்கும் சாவியை வியாபாரியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

ஆக, ஊக்குவிக்க வேண்டும் என்றால் இப்படிச் செய்யலாம். போட்டியும் பரிசும் அப்புறம். முதலில் 124 வடிவங்களை நாலு பேர் உட்கார்ந்து வரைந்து, எண்களாக, யாருக்கும் சொந்தமில்லாமல் அச்சிட்டு விட வேண்டும். இதுபோன்ற பத்திரிகையின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பார்த்துத் தட்டச்சு செய்துகொள்ளலாம். எண்பதுகளில் கணிப்பொறிப் பத்திரிகைகள் அப்படித்தான் நிரலைப் பரப்பின. பிறகு நம் ஊருக்கு வேண்டிய சின்ன நிரல்கள். தறிக்கூலிக் கணக்கு, கொலுசுப் பட்டறையில் கொடுத்த வெள்ளிக்கும் திரும்பி வந்த வெள்ளிக்கும் எடை, சேதாரக் கணக்கு. முதலாளியின் நோட்டில் மட்டும் இருக்கிற கணக்கு நெய்கிறவர் வீட்டிலும் தமிழில் இருக்கட்டும். அதற்கு எட்டு பிட் தாராளம்.

அக்கா மகளின் மடிக்கணினி 2012ல் கொடுத்தது. போன மாதம் அதில் இதையெல்லாம் ஏற்றி ‘ட’வை வரைந்து காட்டினேன். அவளுடைய பெண் ஆறாவது படிக்கிறாள்; பக்கத்தில் வந்து நின்றாள்.

“இது நம்ம ட-வா தாத்தா? குச்சியாட்டம் இருக்குது.”

“நீ வேணும்னா மாத்திக்க.”

“எதை?”

“அந்த 126ஐ.”

127 என்று போட்டாள். ட-வின் அடிக்கோடு வலப்பக்கம் ஒரு புள்ளி நீண்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். “நல்லாருக்குது” என்றாள். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முதல் 64ஐ அழிக்க ஆரம்பித்தாள்.